பிந்தி வருகிற வலப்பக்கம்

எனக்கு வருத்தம் வந்ததை முதலில் கண்டுபிடித்தது வைத்தியரல்ல, என் வேனின் வலப்பக்கக் கண்ணாடி. ஏறாவூரில் எங்கள் வீட்டுக் கேற்றால் அந்த வேனைத் தினமும் வெளியே எடுத்து, தினமும் உள்ளே விடுகிறவன் நான். கண்ணைக் கட்டிவிட்டாலும் எடுப்பேன் என்று ஊருக்குள் பீற்றிக்கொண்டும் திரிந்திருக்கிறேன். அன்று சனிக்கிழமை. பள்ளிக்கூடம் இல்லை, வேனுக்குள் பிள்ளைகளும் இல்லை, அல்ஹம்துலில்லாஹ். கழுவுவதற்காக வெளியே எடுத்தபோது வலப்பக்கக் கண்ணாடி கேற்றுத் தூணில் மோதி உடைந்து வயரில் தொங்கியது. இறங்கிப் போய்த் தூணை முறைத்துப் பார்த்தேன். அது எப்போதும் இருக்கிற இடத்தில்தான் இருந்தது.

சத்தம் கேட்டு என் மனைவி பரீதா வெளியே வந்தாள்.

“என்ன மச்சான், தூண் நிக்கிறது தெரியலியா?”

“கண்ணுக்குள்ள என்னமோ தூசி” என்றேன்.

வலக் கண்ணைத் தண்ணீர் விட்டுக் கழுவினேன். முதல்நாளே பிடரிப் பக்கம் தொடங்கியிருந்த நோவு அப்போதும் இருந்தது. பனடோல் போட்டுக்கொண்டு கதிரையில் சாய்ந்து, போனில் வந்திருந்த செய்திகளைப் பார்த்தேன். ஒவ்வொரு சொல்லிலும் முன்பாதி வந்தது, பின்பாதி வரவில்லை. கண்ணைக் கொஞ்சம் தள்ளினால் அதுவும் வந்தது. போன்தான் பழுதாகிவிட்டது என்று திரையைத் துணியால் தேய்த்தேன். பரீதா நின்று பார்த்தாள். பிறகு உள்ளே போய்த் தன் தம்பி றியாஸுக்குப் போன் எடுத்துவிட்டாள். என்னிடம் கேட்டிருந்தால் நான் வேண்டாம் என்றிருப்பேன், அது அவளுக்குத் தெரியும்.

றியாஸ் ஓட்டோ கொண்டு வந்தான். பின் சீற்றில் நானும் பரீதாவும். ஏறாவூரிலிருந்து மட்டக்களப்பு டவுனுக்குப் போகிற பாதை எனக்கு வீட்டு முற்றம் மாதிரி. பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு காலையில் ஒருமுறையும் பகலில் ஒருமுறையும் போய் வருகிறேன். தன்னாமுனை தாண்டும்போது நான் றியாஸின் தலைக்கு மேலால் நேரே முன்னுக்குப் பார்த்துக்கொண்டிருந்தேன். திடீரென்று ஒரு யோசனை வந்தது. வாவியைக் காணவில்லை. அந்த இடத்தில் வலப்பக்கம் தண்ணீர் தெரிய வேண்டும், வெயிலில் பளிச்சென்று அடிக்க வேண்டும். தலையைத் திருப்பிப் பார்த்தேன். வாவி இருந்தது. தலையை நேரே எடுத்தேன், போய்விட்டது. அப்போதுதான் எனக்கு முதல்முதலாகப் பயம் பிடித்தது. பரீதாவின் கையைப் பிடித்துக்கொண்டேன். ஓட்டோவுக்குள், பகல் வெளிச்சத்தில், கல்யாணம் முடித்து இத்தனை வருடத்தில் நான் அப்படிச் செய்தவனல்ல.

ஆஸ்பத்திரியில் எங்களைப் பார்த்த வைத்தியர் இளம்பெடியன், யாழ்ப்பாணத்துப் பேச்சு. முதலில் கையைத் தூக்கச் சொன்னார், சிரிக்கச் சொன்னார், நாக்கை நீட்டச் சொன்னார். எல்லாம் செய்தேன். பிரஷர் பார்த்துவிட்டுத் தாதியிடம் ஏதோ சொன்னார். அது கூடித்தான் இருந்தது, நான் அதுவரை பார்த்ததே இல்லை. பிறகு கதிரையை இழுத்து என் முகத்துக்கு நேரே இருந்தார்.

“என்ர மூக்கை மட்டும் பாருங்கோ. கண்ணை அசைக்கக் கூடாது. எந்தப் பக்கம் விரல் ஆடுதெண்டு சொல்லுங்கோ.”

இடப்பக்கம் ஆடியது. சொன்னேன். மேலே ஆடியது, கீழே ஆடியது. பிறகு அவர் சும்மா இருந்தார். நானும் சும்மா இருந்தேன். “ஏன் டொக்டர், நிப்பாட்டிட்டீங்க?” என்று கேட்டேன். பக்கத்தில் நின்ற பரீதா தலைமுந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அவர் நிப்பாட்டவே இல்லையாம். வலப்பக்கம் கையையே விரித்து ஆட்டிக்கொண்டிருந்திருக்கிறார்.

“வலக் கண்தான் டொக்டர் பிழை. காலையில தூசி விழுந்த” என்றேன்.

“அப்ப வலக் கண்ணைப் பொத்துங்கோ. இடக் கண்ணால பாப்பம்.”

பொத்தினேன். இடக் கண்ணுக்கும் வலப்பக்கம் இல்லை. இதை வாசிக்கிறவர்களுக்கு நான் சொல்ல வேண்டியது ஒன்று இருந்தால் இதுதான். பார்வையில் ஒரு பக்கம் திடீரென்று குறைந்தால் ஒவ்வொரு கண்ணாகப் பொத்திப் பாருங்கள். இரண்டு கண்ணிலும் ஒரே பக்கம் இல்லையென்றால் பழுது கண்ணில் அல்ல, தலைக்குள். கண்ணைக் கழுவிக்கொண்டு வீட்டில் இருக்க வேண்டாம், உடனே போங்கள். ஒற்றைக் கண்ணில் மட்டும் என்றாலும் போங்கள், அதுவும் விளையாட்டல்ல.

தலையை ஸ்கேன் எடுத்தார்கள். ஒரு பெரிய வளையத்துக்குள் தலையை விட்டுப் படுக்க வேண்டும், அவ்வளவுதான், நோவில்லை. முடிவுக்காக நடைபாதை வாங்குப் பலகையில் காத்திருந்த நேரம்தான் நோவு. வைத்தியர் படத்தை வெளிச்சத்தில் பிடித்து விளங்கப்படுத்தினார். மூளையின் பின்பக்கம், இடப்பாதியில், ஒரு சிறு இரத்தக் குழாய் அடைத்துவிட்டது. நாம் காண்பதெல்லாம் கடைசியில் போய்ச் சேர்கிற இடம் பிடரிப் பக்கத்து மூளைதானாம். வலப்பக்கம் உள்ளதை இட மூளை வாங்கும், இடப்பக்கம் உள்ளதை வல மூளை வாங்கும். எனக்கு வாங்குகிற கை ஒன்று விழுந்துவிட்டது. கண் இரண்டும் நல்ல கண்.

“இது பாரிசவாதம்தான், ஐயா. ஸ்ட்ரோக்.”

“கையும் காலும் நல்லா இரிக்கிதே டொக்டர்.”

“எல்லாருக்கும் கை கால்லதான் வரவேணுமெண்டில்லை.”

வார்டில் சேர்த்துவிட்டார்கள். இரத்தம் உறையாமலிருக்கக் குளிசை, பிரஷருக்குக் குளிசை, கொழுப்புக்குக் குளிசை. நெஞ்சில் வயர் ஒட்டி இதயத் துடிப்பைப் பார்த்தார்கள், ஜெல் பூசி இதயத்தையே படத்தில் பார்த்தார்கள், அங்கிருந்துதான் இரத்தக் கட்டி போயிருக்கிறதா என்று. அப்படி ஒன்றும் இல்லை. அடுத்த கட்டிலில் படுத்திருந்தவர் வாழைச்சேனைப் பக்கத்து மனிதர், மீன் வியாபாரம், இடப் பக்கம் முழுக்க விழுந்துபோயிருந்தது. காலையில் என்னைப் பார்த்து, “உங்களுக்கென்ன நானா, எழும்பி நடக்கிறீங்க” என்றார். எங்கள் பக்கத்தில் நானா என்றால் அண்ணன். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. அவரைப் பார்க்கப் பார்க்க எனக்கு ஒன்றுமே இல்லை என்ற எண்ணம் வளர்ந்தது. ஆள் படுக்கையில் கிடக்கிறபோது அதை வைத்து நான் ஆறுதல் எடுத்தேன், மனிதன் அப்படித்தான் இருக்கிறான்.

என் கவலை எல்லாம் வேன்தான். விடுமுறைக்கு இன்னும் ஒரு கிழமை இருந்தது, அதுவரைக்கும் றியாஸ் ஓட்டினான். நல்ல பெடியன், ஆனால் பாட்டைப் போட்டுவிட்டுக் கையால் தாளம் தட்டிக்கொண்டு ஓட்டுவான். பெற்றோர் என்னை நம்பித்தான் பிள்ளைகளை ஏற்றுகிறார்கள். எந்தப் பிள்ளை எந்த ஒழுங்கையில் இறங்கும், எது இறங்கினதும் பாராமல் பாய்ந்து றோட்டைக் கடக்கும், எந்தப் பிள்ளைக்கு வேன் ஓட்டம் பிடிக்காமல் வாந்தி வரும், எல்லாம் எனக்கு மனப்பாடம். “தவணை தொடங்கிப் பள்ளிக்கூடம் திறந்ததும் நான்தான் வருவன், யோசிக்காதீங்க” என்று கட்டிலில் கிடந்தபடியே ஒவ்வொருவருக்கும் போனில் சொன்னேன். வீடு போகும்போது வைத்தியர், “கிளினிக்கில பாத்துச் சொல்லும்வரைக்கும் வாகனம் தொடக் கூடாது” என்றார். சரி என்றேன். தவணை தொடங்குவதற்குள் சொல்லிவிடுவார்கள் என்று நானே முடிவு கட்டிக்கொண்டேன்.

அந்த நினைப்புக்கு எனக்கு ஒரு பலமான அத்தாட்சியும் இருந்தது. வார்டில் இரண்டாம் நாள் பின்னேரம் பார்வையாளர் நேரத்துக்குப் பரீதா வந்தாள், கூடவே மகள் ஹஸ்னாவும். ஹஸ்னா எட்டாம் வகுப்பு, என் வேனில்தான் பள்ளிக்கூடம் போகிறாள். பரீதா கஞ்சியும் கொண்டு வந்தாள், ஓதுவதற்குக் குர்ஆன் கிதாபும் கொண்டு வந்தாள். கை, முகம், கால் கழுவி ஒளூச் செய்துகொண்டு வந்து கட்டிலில் இருந்து ஓதத் தொடங்கினேன். வழமையாக ஓதுகிற மாதிரியே ஓடியது, ஒரு சொல்லில்கூடத் தட்டவில்லை. பரீதா முதலில் வாயை அசைத்து என்னோடு கூடவே வந்தாள். பிறகு நிறுத்திவிட்டு என் முகத்தைப் பார்த்தாள். அவளுக்குக் கண்ணீர் பொலபொலவென்று ஓடியது.

“ஒண்டுமில்ல, ஒண்டுமில்ல. கண் நல்லா இரிக்கி” என்று ஹஸ்னாவைக் கட்டிப்பிடித்துச் சொன்னாள்.

அன்றே ஊரெல்லாம் பரவிவிட்டது. ஓதுகிறாராம், ஓர் எழுத்துப் பிழை இல்லையாம், கண்ணுக்கு ஒன்றுமில்லையாம். எங்கள் ஆட்கள் ஒருவருக்கு வருத்தம் என்றால் கேட்கிற முதல் கேள்வி ஓதுகிறாரா என்பதுதான். நான் நல்லபடி ஓதிக் காட்டிவிட்டேன். வைத்தியரின் விரல் சோதனையை விட எனக்கு அது பெரிய சோதனை. பத்திரிகை வாசிக்கும்போது மட்டும் திக்கியது. அதற்கு இந்தக் காலத்துப் பத்திரிகைக்காரன் மையைக் குறைத்துவிட்டான் என்று காரணம் சொன்னேன்.

வீட்டுக்கு வந்த பிறகும் ஒரு குறையும் தெரியவில்லை. பிளேன்டீ கைக்கு எட்டுகிற இடத்தில் இருந்தது. சோற்றுக் கோப்பையில் கறி எனக்கு முன்னால் இருந்தது. பிள்ளை கதைத்தால் அவள் முகம் தெரிந்தது. கதவு நிலையில் ஒருமுறை வலத் தோளை இடித்துக்கொண்டேன், யார்தான் இடிக்காதவர். நாளுக்கு நாள் எனக்குக் கோபம் கூடியது. நல்ல மனிதனை வருத்தக்காரனாக்கி வைத்திருக்கிறார்கள் என்று பரீதாவிடம் எரிந்து விழுந்தேன். “கிளினிக் போயிட்டு மறுகா கத்துங்க” என்றாள்.

கிளினிக் நாள் வந்தபோது தவணை தொடங்க ஐந்து நாள்தான் இருந்தது. வைத்தியர் பார்த்துவிட்டு அடுத்த அறைக்கு அனுப்பினார். அங்கே இருந்தவர் தர்சினி மிஸ். வருத்தத்துக்குப் பிறகு ஆட்களை உடுப்புப் போட, சமைக்க, எழுத, வாசிக்கத் திரும்பப் பழக்குகிற வேலை அவருக்கு. தன்னாமுனைப் பிள்ளை, மெலிந்த உடம்பு, சிரிக்கிற முகம், ஆனால் விட்டுக்கொடுக்காது.

சுவரிலே சின்னச் சின்ன நிறக் கடதாசித் துண்டுகள் ஒட்டியிருந்தன. என்னை நேரே கதிரையில் இருத்திவிட்டுப் போனில் நேரம் பார்த்தார்.

“நானா, தலைய ஆட்டாம கண்ணால மட்டும் தேடுங்க. சிவப்பு எங்க இரிக்கு?”

விரலை நீட்டினேன். பச்சை? நீட்டினேன். மஞ்சள்? தேடினேன். இல்லை என்றேன். இருக்கிறது என்றார். பிறகும் தேடினேன், கடைசியில் கண்டேன். நீலமும் அப்படித்தான் இழுத்தது. பரீதா என் பின்னால் நின்று பெருமூச்சு விட்டது எனக்குக் கேட்டது. சிவப்பும் பச்சையும் இடப்பக்கம், மஞ்சளும் நீலமும் வலப்பக்கம்.

தர்சினி மிஸ் கதிரையை இழுத்துப் போட்டு இருந்து விளங்கப்படுத்தினார். நாம் ஒன்றைத் தேடும்போது கண் வழுக்கிக்கொண்டு போவதில்லையாம், தத்தித் தத்தித்தான் போகுமாம். ஓர் இடத்தில் நிற்கும், அடுத்த இடத்துக்குப் பாயும், பிறகு நிற்கும். அடுத்து எங்கே பாய வேண்டும் என்று ஓரப் பார்வையால் முன்கூட்டியே மோப்பம் பிடித்து வைத்திருக்கும். “உங்கட கண் இடப்பக்கம் போகேக்க அடுத்தது என்னெண்டு அதுக்குத் தெரியும். ஒரு பாய்ச்சல்ல போயிரும். வலப்பக்கம் போகேக்க அங்க ஒண்டுமே தெரியா. இருட்டுக்குள்ள காலால தடவி நடக்கிற மாதிரி சின்னச் சின்ன அடியா வைக்குது. அதுதான் நேரம் எடுக்கு. கண்ணை அசைக்க ஏலாமல் இல்ல நானா. எங்க அசைக்கிறதெண்டு தெரியாமல் இரிக்கு.”

எனக்குக் கோபம் வந்தது. “மிஸ், அப்படியெண்டா நான் எப்படி ஓதுறன்? ஒரு எழுத்துப் பிழையில்லாம ஓதுறன். வேணுமெண்டா இவகிட்டக் கேளுங்க.”

அவர் கோபிக்கவில்லை. கண் விரிந்தது. “அரபு எழுத்து எந்தப் பக்கத்தால வாசிக்கிற?”

“வலப்பக்கத்தால தொடங்கி இடப்பக்கம்.”

விரலால் காற்றில் வலமிருந்து இடம் இழுத்துப் பார்த்தார். “பாடமாக்கி வெச்சிரிக்கிறதா இரிக்கலாம் நானா. சின்னனிலருந்து ஓதுறதெல்லோ. பாடமில்லாத ஒண்டு அந்த எழுத்தில வேணும்.”

அதற்குப் பரீதாதான் வழி சொன்னாள். எங்கள் ஊரில் பழைய ஆட்கள் தமிழையே அரபு எழுத்தில் எழுதுவார்கள். பேச்சு தமிழ், எழுத்து அரபு, ஓடுவதும் அரபு மாதிரி வலமிருந்து இடம். எனக்கும் பரீதாவுக்கும் சின்னவயதில் ஓதிக்கொடுத்தவர் ஒரே லெப்பை, அவரிடமே அதையும் பழகினோம். எங்கள் வீட்டில் அது இன்றும் நடக்கிறது. பிள்ளைகளுக்கு விளங்கக் கூடாத சங்கதி என்றால் பரீதா அந்த எழுத்தில்தான் துண்டெழுதிச் சட்டைப் பையில் வைப்பாள். பெருநாளைக்கு யாருக்கு என்ன உடுப்பு எடுப்பது, எந்தப் பிள்ளையை என்ன சொல்லி ஏசுவது, எல்லாம் அப்படித்தான் போகும். ஹஸ்னா எத்தனையோ முறை அதைக் கையில் வைத்து முழிசியிருக்கிறாள்.

மிஸ் ஒரு வெற்றுத் தாளைக் கொடுத்தார். பரீதா சுவர்ப்பக்கம் திரும்பி எழுதித் தந்தாள். நான் சத்தமாக வாசித்தேன்.

“இண்டைக்கு நெத்தலிச் சொதியும் முருங்கக்காக் கறியும். உப்புக் குறைவெண்டு மச்சான் மூஞ்சிய நீட்டினா, டொக்டர்தான் குறைக்கச் சொன்னவரெண்டு சொல்லுவன். அதுக்கு மேலயும் நீட்டினா, அவரே போய் அடுப்படில நிக்கட்டும்.”

வாசித்து முடித்த பிறகுதான் என்னத்தை வாசித்தேன் என்று எனக்கு உறைத்தது. மிஸ் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். வாசலில் நின்ற தாதியும் சிரித்தார். பிறகு அதே அளவில் இன்னொன்றைத் தமிழ் எழுத்தில் மிஸ் தானே எழுதித் தந்தார். அதுவும் கறியும் சோறும்தான், கடினமான சொல் ஒன்றுமில்லை. முதல் சொல்லைத் தாண்டினேன், நின்றேன். அடுத்த சொல்லின் தலையைப் பிடித்தேன், வாலைத் தேடினேன். வரி முடிந்ததா முடியவில்லையா என்று தெரியாமல் பாதியில் அடுத்த வரிக்கு இறங்கிவிட்டேன். திரும்ப ஏறினேன். நெற்றி வியர்த்தது. பள்ளிக்கூடத்துச் சின்னப் பிள்ளை எழுத்துக்கூட்டுகிற மாதிரி நான் வாசித்து முடித்தபோது அறையில் ஒருவரும் சிரிக்கவில்லை. தாதி மெல்ல அப்பால் போய்விட்டார்.

மிஸ் போனைத் திருப்பி என்னிடம் காட்டினார். தமிழ் எழுத்துக்கு மூன்று மடங்குக்கு மேலான நேரம். அதே தமிழ், அதே மனிதன், அதே கண். போகிற பக்கம் மட்டும்தான் வேறு. ஓதும்போது என் கண் காண்கிற பக்கத்துக்குப் போனது. வாசிக்கும்போது காணாத பக்கத்துக்குப் போனது. நான் காட்டின அத்தாட்சியே எனக்கு எதிராகத் திரும்பிவிட்டது. நாங்கள் ஊரோடு சேர்ந்து கண்ணைச் சோதித்தோம், நல்ல பாதியை மட்டும் சோதித்தோம்.

“ஆனா வீட்டில ஒரு கரச்சலும் இல்லியே மிஸ்” என்றேன். எனக்கே என் குரல் சின்னதாகக் கேட்டது.

பரீதா அப்போது சொன்னாள், நிலத்தைப் பார்த்துக்கொண்டு. “நான்தான் மிஸ். அங்கால பக்கம் வெச்சா இவர் எடுக்கிறல்ல. தேத்தண்ணி ஆறிப்போய்க் கிடக்கும். சொன்னா ஏசுவாரெண்டு எல்லாத்தையும் இஞ்சால பக்கம் மாத்தி மாத்தி வெச்சன். புள்ளையும் அந்தப் பக்கமாத்தான் வந்து இரிக்கிற. நான் சொல்லல்ல, அவளாவே பழகிட்டாள்.”

என் வீடே எனக்காக இடப்பக்கம் நகர்ந்து நின்றிருக்கிறது, எனக்குத் தெரியாது. அன்பால் செய்தார்கள். அந்த அன்பினால்தான் நான் சுகமாகிவிட்டேன் என்று நம்பினேன். யாரை ஏசுவது. ஏசுகிறவனுக்குப் பயந்து செய்த வேலை அது.

மிஸ் பயிற்சி சொல்லித் தந்தார். வலப்பக்கம் போகும்போது சின்ன அடி வைக்கக் கூடாது. தேடுகிற பொருளையும் தாண்டி, காணாத பக்கத்தின் கடைசி வரைக்கும் ஒரே பாய்ச்சலாகக் கண்ணை எறிய வேண்டும், பிறகு திரும்பி வர வேண்டும். திரும்பி வருவது இடப்பக்கப் பயணம், அது சுகம். தினமும் செய்தால் நேரம் குறையுமாம், ஆனால் போன பாதி பெரும்பாலும் திரும்ப வராதாம். பத்திரிகையை நெட்டையாகத் திருப்பி, வரி மேலிருந்து கீழே ஓடுகிற மாதிரிப் பிடித்து வாசிக்கவும் சொன்னார். இப்போதும் அப்படித்தான் வாசிக்கிறேன். தேத்தண்ணிக் கடையில் முதலில் சிரித்தார்கள், இப்போது எனக்குப் பக்கத்தில் இருக்கிறவர்களும் தலையைச் சரித்து வாசிக்கப் பழகிவிட்டார்கள்.

கடைசியில் கேட்டேன். “திங்கட்கிழமை தவணை தொடங்குது மிஸ். வேன்?”

“டொக்டர் வேணாமெண்டு எழுதியிரிக்கார் நானா. நானும் அதைத்தான் சொல்லுவன்.” பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். “நம்பாட்டி வீட்டில பாருங்க. திறப்பை உங்கட கையில எடுக்காதீங்க. சாவி போடாம, நிப்பாட்டி வெச்ச வேன்ல இரிங்க. ஓட்டேக்க பாக்கிற மாதிரிப் பாருங்க.”

நான் நம்பவில்லை. இதைச் சொல்லத்தான் வேண்டும். சுவரிலே ஒட்டின கடதாசியும் றோட்டும் ஒன்றா? கடதாசி அசையாது, சத்தம் போடாது. றோட்டில் எனக்கு இத்தனை வருட அனுபவம் இருக்கிறது. பயிற்சியும் கையில் இருக்கிறது. அந்த நாலைந்து நாளும் விடாமல் கண்ணை எறிந்து எறிந்து பழகினேன், தலை இடிக்கிற வரைக்கும். ஞாயிற்றுக்கிழமை காலை எழும்பும்போது எனக்கு நிச்சயமாகத் தெரிந்தது, நாளைக்கு நான்தான் ஓட்டுவேன். பெற்றோர் மூன்று பேர் ஏற்கெனவே போன் எடுத்துக் கேட்டுவிட்டார்கள், வாறன் என்று சொல்லியும்விட்டேன்.

பரீதா சண்டை பிடிக்கவில்லை. “மிஸ் சொன்ன மாதிரி ஒருக்கா இரிங்க. அதுக்குப் புறகு உங்கட விருப்பம்” என்றாள்.

வேன் முற்றத்தில் கேற்றைப் பார்த்து நின்றது. நான் ஏறி ஸ்டியரிங்கைப் பிடித்து இருந்தேன். எத்தனை நாளைக்குப் பிறகு. உள்ளங்கைக்கு அந்தப் பிடி தெரியும், மனதுக்குள் ஒரு நிம்மதி வந்தது. பரீதா இடப்பக்கத்துச் சீற்றில் ஏறினாள், திறப்பைத் தன் கைக்குள் பொத்தி வைத்துக்கொண்டு. ஹஸ்னா வெளியே எங்கோ நின்றாள், வேனுக்கு முன்னால் நடந்து வா என்று அவளிடம் சொல்லியிருந்தேன்.

“பிள்ளையள எறக்கிட்டீங்க. இப்ப எடுக்கப் போறீங்க. பாருங்க” என்றாள் பரீதா.

பார்த்தேன். அவசரப்படவில்லை. இடப்பக்கம் பார்த்தேன், மதிலும் வாழையும் தெரிந்தன. நேரே பார்த்தேன், திறந்த கேற்றும் அதற்கப்பால் ஒழுங்கையும். பிறகு மிஸ் சொன்ன மாதிரிக் கண்ணை வலப்பக்கம் எறிந்தேன். எறிந்ததாகத்தான் நினைத்தேன். கிணற்றுக் கட்டு தெரிந்தது, கொடியில் காய்கிற சாரன் தெரிந்தது. கேற்றுக்குத் திரும்பி வந்தேன். எல்லாம் ஒழுங்கு. இந்தப் பிள்ளை எங்கே போய்த்தொலைந்தாள், நடந்து வா என்றால் வராமல் உள்ளே போய்விட்டாள்போல என்று எனக்கு எரிச்சலும் வந்தது.

“ஒருத்தருமில்ல. எடுக்கலாம்” என்றேன்.

பரீதா திறப்பை இன்னும் இறுக்கிப் பொத்திக்கொண்டாள்.

“வாப்பா, நான் இஞ்சதான் நிக்கன்.”

குரல் முன்னாலிருந்து வந்தது. இந்த முறை தலையையும் சேர்த்துத் திருப்பினேன். ஹஸ்னா வேனின் முன் விளக்குக்குப் பக்கத்தில் நின்றாள், நான் இருக்கிற சீற்றிலிருந்து சற்று வலப்பக்கமாக. அவளுடைய கை பொனட்டின் மேல் இருந்தது. என் கண் கிணற்றுக்கட்டு வரைக்கும் போயிருக்கிறது, போகிற வழியில் பிள்ளையைத் தாண்டியிருக்கிறது, திரும்பி வரும்போது கேற்றுக்கு அவசரப்பட்டு அவளுக்கு மேலால் பாய்ந்திருக்கிறது. வேனிலிருந்து இறங்குகிற பிள்ளைகள் அந்த மூலையால்தான் றோட்டைக் கடக்கிறவர்கள்.

“எப்ப மகள் வந்த?”

“நீங்க ஏறக்குள்ளயே வந்துட்டன் வாப்பா. நீங்க காணும்வரைக்கும் எண்ணச் சொன்னா உம்மா. பத்துவரைக்கும் எண்ணினன்.” பிள்ளையின் வாய் கோணியது. “மறுகா எனக்குப் பயமாப் போயிட்டு, அதான் கூப்பிட்டன்.”

என்ஜின் ஓடவில்லை. திறப்பு அவளுடைய உம்மாவின் கைக்குள் இருந்தது. அது அவளுக்குத் தெரியும். தெரிந்துகொண்டும் என் மகள் என் வேனுக்கு முன்னால் நிற்கப் பயந்திருக்கிறாள். எனக்கு அழுகை வந்தது, அழுதேன், அவர்கள் இருவருக்கும் முன்னால்.

இறங்கிப் போய் அவளை அணைத்துக்கொண்டேன். பிறகு றியாஸுக்குப் போன் எடுத்தேன். நாளைக்கு நீதான் ஓட்டவேணும், பாட்டைப் போடக் கூடாது என்றேன்.

“நாளைக்கு மட்டுமா மச்சான்?” என்று கேட்டான்.

“இல்லடா” என்றேன்.